அரசைச் சார்ந்திருப்பவளா, சொந்தக் காலில் நிற்பவளா? அமெரிக்கத் தேர்தல் பிரசாரம் பெண்களிடம் பேசும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலியா யார்? இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் அவள் பெயர் ஏன் வந்துவிடுகிறது?

2012 மே மாதம் பராக் ஒபாமாவின் மறுதேர்தல் பிரசாரக் குழு இணையத்தில் ஒரு படத்தொடரை வெளியிட்டது. 'ஜூலியாவின் வாழ்க்கை' என்று அதற்குப் பெயர். கண், மூக்கு எதுவும் வரையப்படாத ஒரு கார்ட்டூன் பெண்ணின் 3 வயது முதல் 67 வயது வரையிலான வாழ்க்கை அதில் ஓடும். 3 வயதில் 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் அரசுப் பாலர் கல்வித் திட்டத்தில் சேர்கிறாள். 18 வயதில் கல்லூரி. பெல் உதவித்தொகையும் கல்லூரிச் செலவுக்கான வரிச் சலுகையும் கிடைக்கின்றன. 22 வயதில் அறுவை சிகிச்சை. 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்ற புதிய சட்டம் கைகொடுக்கிறது. 23 வயதில் இணைய வடிவமைப்பாளராக வேலை. சம ஊதியச் சட்டம் துணைக்கு இருக்கிறது. 31 வயதில் குழந்தை பெற்றுக்கொள்ள முடிவெடுக்கிறாள். 42 வயதில் அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தின் மூலம் சொந்தத் தொழில் தொடங்குகிறாள். 65 வயதில் மெடிகேர் மருத்துவக் காப்பீடு, 67 வயதில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம். கடைசிப் படத்தில் சமூகத் தோட்டம் ஒன்றில் தொண்டு செய்துகொண்டிருக்கிறாள்.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும், ஒபாமாவை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி வென்றால் இந்த உதவி என்ன ஆகும் என்ற எச்சரிக்கை இருந்தது. அரசு பெண்ணுக்கு என்னவாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை இவ்வளவு பச்சையாக அதுவரை யாரும் படம் போட்டுக் காட்டியதில்லை. அதனால்தான் அவள் பெயர் நிலைத்துவிட்டது.

எதிர்த்தரப்பு அதில் என்ன குறை கண்டது?

ஜூலியாவுக்குக் கணவன் இல்லை. தோழிகள் இல்லை, தேவாலயம் இல்லை, உடன்பிறந்தவர்கள் இல்லை. பெற்றோர்கூடக் காப்பீட்டு அட்டையில்தான் தலைகாட்டுகிறார்கள். அவள் வாழ்க்கையில் எப்போதும் உடனிருப்பது அரசு ஒன்றுதான். கணவன் செய்ய வேண்டியதை அரசு செய்கிறது, பெண்ணை நிரந்தரக் குழந்தையாக்குகிறது என்று பழமைவாதிகள் எழுதினார்கள். 'அரசே கணவன்' என்ற கேலி அப்போது எங்கும் பரவியது.

இந்தக் கேலியில் பாதிக்குப் பாதி நியாயம் உண்டு என்பது என் எண்ணம். ஒரு பெண்ணின் 64 ஆண்டுகளைச் சொல்லும்போது அவளுக்கு உதவிய ஒரு மனித முகம்கூட நினைவுக்கு வராமல் போனது கற்பனை வறட்சிதான். ஆனால் கேலி செய்தவர்கள் இன்னொன்றைக் கவனிக்கத் தவறினார்கள். ஜூலியா பள்ளியை முடித்தது முதல் ஓய்வு பெறும் வரை படிக்கிறாள், வேலை பார்க்கிறாள், தொழில் நடத்துகிறாள், வரி கட்டுகிறாள். சும்மா உட்கார்ந்து உண்ணும் ஒரு காட்சிகூட அதில் இல்லை.

ஜூலியா பெற்றதெல்லாம் 'அரசு உதவி' என்ற ஒரே கணக்கில் வருமா?

வராது. பிரசாரக் குழு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'அதிபர் தந்தவை' என்று சீட்டு ஒட்டியது. எதிர்த்தரப்பு அதே மூட்டையை எடுத்து 'சார்ந்திருத்தல்' என்று சீட்டை மாற்றியது. இரு தரப்புமே மூட்டையை அவிழ்க்கவில்லை.

பெல் உதவித்தொகை திருப்பித் தர வேண்டாத பணம். ஆகவே அது உதவிதான், சந்தேகமில்லை. சிறுதொழில் கடனில் அரசு பெரும்பாலும் பணமே கொடுப்பதில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம் நிற்கிறது. அசலையும் வட்டியையும் ஜூலியாதான் கட்ட வேண்டும். 26 வயது வரை பெற்றோர் காப்பீட்டில் இருப்பதற்கான பிரீமியம் பெற்றோர் பக்கத்திலிருந்து போகிறது. படத்தொடரில் வரும் கருத்தடைச் செலவைத் தனியார் காப்பீடே ஏற்க வேண்டும் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கான விதி.

சம ஊதியச் சட்டத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. குட்இயர் டயர் ஆலையில் மேற்பார்வையாளராக வேலை பார்த்த லில்லி லெட்பெட்டர், தனக்கு ஆண்களைவிடக் குறைவான சம்பளம் தரப்பட்டதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தார். காலக்கெடு தாண்டிவிட்டது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. அந்தக் கெடுவைத் திருத்தும் சட்டத்தில் ஒபாமா 2009 ஜனவரி 29 அன்று கையெழுத்திட்டார். அச்சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும் அரசு ஒரு டாலர்கூடத் தருவதில்லை. உழைத்த கூலியைக் கேட்டு நீதிமன்றம் போகும் வழியைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். இதைவிடச் சொந்தக் காலில் நிற்கும் செயல் எது?

ஓய்வூதியத்துக்கு வருவோம். சமூகப் பாதுகாப்புக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் வழக்கமாக 6.2 சதவீதம் பிடிக்கப்படுகிறது; முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். மெடிகேருக்கு இருபுறமும் 1.45 சதவீதம். நாற்பது ஆண்டுகள் கட்டியவள் 67 வயதில் வாங்குவதை இனாம் என்று ஓய்வு பெற்ற எந்த அமெரிக்கரிடமாவது சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்.

மணமாகாத பெண்களை ஏன் குறிவைத்தார்கள்?

எண்ணிக்கைதான் காரணம். 1980 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிக விகிதத்தில் வாக்களிக்கிறார்கள். இரு பாலார் வாக்கும் பிரியும் இடைவெளியும் அந்த ஆண்டு முதல் மறையவில்லை. ஆனால் 'பெண்கள் வாக்கு' என்று ஒரே வாக்கு கிடையாது. 2012இல் வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பின்படி, மணமான பெண்களில் 53 சதவீதத்தினர் ராம்னியையும் 46 சதவீதத்தினர் ஒபாமாவையும் ஆதரித்தனர். மணமாகாத பெண்களில் 67 சதவீதத்தினர் ஒபாமா பக்கம், 31 சதவீதத்தினர் ராம்னி பக்கம். இந்த இரண்டாம் கூட்டம் மொத்த வாக்காளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. விவாகரத்தானவர்களும் கணவனை இழந்தவர்களும் இதில் அடக்கம்.

ஒரே வருமானத்தில் வாழ்பவளுக்கு வேலை போனால் தாங்கிப் பிடிக்க வீட்டில் இரண்டாவது சம்பளம் கிடையாது. அவள் காப்பீட்டையும் ஓய்வூதியத்தையும் பற்றிக் கவலைப்படுவதில் வியக்க ஒன்றுமில்லை.

'அரசைச் சுரண்டும் பெண்' என்ற சித்திரம் எப்போது உருவானது?

தொடக்கத்தில் உதவி பெற்ற தாய் மதிப்புக்குரியவளாகவே காட்டப்பட்டாள். 1911இல் இல்லினாய் மாநிலம் தாய்மார் உதவித்தொகைச் சட்டத்தை இயற்றியது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. கணவனை இழந்தவள் ஆலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தேசியத் திட்டமாக்கியது. வேலைக்குப் போகாமலிருப்பதுதான் அன்று நல்ல தாயின் இலக்கணம்!

பிறகு உதவி பெறுவோரிடையே கைவிடப்பட்டவர்களும் மணமாகாதவர்களும் கறுப்பினப் பெண்களும் கூடினார்கள். அத்தோடு பேச்சின் தொனியும் மாறியது. 1976இல் ரொனால்ட் ரீகன் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்று உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்டபோது சிகாகோவைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றி மேடைதோறும் பேசினார். 80 பெயர்கள், 30 முகவரிகள், ஆண்டுக்கு 1,50,000 டாலர் வரியில்லா வருமானம் என்று கதை போனது. அப்படி ஒருத்தி உண்மையாகவே இருந்தாள். லிண்டா டெய்லர் என்ற பெயரில் அறியப்பட்ட கைதேர்ந்த மோசடிக்காரி. ஆனால் 1977இல் நீதிமன்றத்தில் அவர்மீது நிரூபணமானது 23 காசோலைகள் தொடர்பான மோசடி. தொகை 10,000 டாலருக்கும் குறைவு. ஒரு மோசடிக்காரியின் முகத்தை இலட்சக்கணக்கான தாய்மார்மீது பொருத்தியதுதான் அந்தக் கதையின் வெற்றி. 'உதவித்தொகை மகாராணி' என்ற பட்டம் இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

உதவி பெற்ற பெண்கள் தாங்களே என்ன சொன்னார்கள்?

அவர்களைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் 'அரசே கணவன்' என்ற உவமையைப் பழமைவாதிகளுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே சொன்னவர் உதவித்தொகை பெற்ற ஒரு தாய்தான். ஜானி டில்மன் அவர் பெயர். ஆறு பிள்ளைகளின் தாய், லாஸ் ஏஞ்சலிஸில் சலவை நிலையத் தொழிலாளி. நோய்வாய்ப்பட்டு உதவி பெறும் நிலைக்கு வந்தவர், பிறகு தேசிய நலவுரிமை அமைப்பின் தலைவரானார். 1972இல் ஒரு பெண்கள் இதழில் எழுதிய கட்டுரையில் இந்தத் திட்டத்தை மிக மோசமான ஒரு திருமணத்துக்கு ஒப்பிட்டார். ஓர் ஆணை விட்டு அரசு என்ற ஆணைப் பிடிக்கிறோம். அவன் கொடுமை செய்தால் நம்மால் விவாகரத்து செய்ய முடியாது, ஆனால் அவன் நினைத்த நேரத்தில் நம்மை வெட்டிவிடலாம் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இது வெறும் உவமையாக இருக்கவில்லை. பல மாநிலங்களில் உதவி பெறும் பெண்ணின் வீட்டில் ஆண் யாராவது இருக்கிறானா என்று பார்க்க அதிகாரிகள் நள்ளிரவில் கதவைத் தட்டினார்கள். அலபாமாவில் ஒரு பெண்ணோடு உறவிலிருக்கும் ஆண், அவள் பிள்ளைகளுக்குத் தகப்பனாக இல்லாவிட்டாலும் 'மாற்றுத் தந்தை' ஆகிவிடுவான். பிள்ளைகளுக்கு உதவி நின்றுவிடும். செல்மா நகரில் நான்கு பிள்ளைகளோடு, வாரம் 20 டாலருக்கு மேல் போகாத கூலிக்கு உழைத்த ஒரு கைம்பெண்ணின் உதவி இப்படித்தான் நின்றது. அவர் வழக்குத் தொடுத்தார். 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

டில்மனின் முறையீட்டை இரு கட்சிகளின் பிரசாரமும் வசதியாக மறந்துவிட்டன. உதவியை நிறுத்து என்று அவர் கேட்கவில்லை. கண்காணிக்காமல் கொடு என்றார். என்னைப் பொறுத்தவரை இந்த விவாதம் முழுவதிலும் கூர்மையான சொல் அவருடையதுதான். யாரைச் சார்ந்திருக்கிறாள் என்பதைவிட, வேண்டாமென்றால் விலகிப் போக அவளால் முடியுமா என்பதே முக்கியம். கணவனுக்கும் இது பொருந்தும், முதலாளிக்கும் பொருந்தும், அரசுக்கும் பொருந்தும்.

1996ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் என்ன செய்தது?

ஏழைத் தாய்மாருக்கான பழைய ரொக்க உதவித் திட்டத்துக்கு முடிவு கட்டுவேன் என்று 1992 தேர்தலில் வாக்குறுதி அளித்த பில் கிளின்டன், 1996 ஆகஸ்ட் 22 அன்று அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். வாழ்நாளில் 60 மாதங்கள் என்ற மத்திய உச்சவரம்பு வந்தது. வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வேலைக்குப் போன தனித்தாய்மாரின் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. அன்று பொருளாதாரம் செழித்திருந்ததும், குறைந்த வருமானக்காரருக்கான வரிச் சலுகை 1993இல் பெருக்கப்பட்டதும் அதற்குத் துணை நின்றன. இன்னொரு பக்கமும் உண்டு. 1996இல் வறுமையில் வாழ்ந்த ஒவ்வொரு 100 குடும்பங்களுக்கும் 68 குடும்பங்கள் ரொக்க உதவி பெற்றன. 2020இல் அது 21 ஆகிவிட்டது.

வீட்டிலிருக்கும் தாய் உழைக்கிறாளா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு 2012 ஏப்ரலில் கிடைத்த பதில்கள் பாடமாக வைக்கத் தக்கவை. ஜனநாயகக் கட்சி ஆலோசகர் ஹிலரி ரோசன் தொலைக்காட்சியில், ஐந்து மகன்களை வளர்த்த, மிட் ராம்னியின் மனைவி ஆன் ராம்னி தம் வாழ்நாளில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை என்று சொல்லி வகையாக மாட்டிக்கொண்டார். பிள்ளை வளர்ப்பதைவிடக் கடினமான வேலை உண்டா என்று குடியரசுக் கட்சி பொங்கி எழுந்தது. ஒபாமா தரப்பும் உடனே ரோசனைக் கைவிட்டது.

சில நாட்களில் அதே ஆண்டு ஜனவரியில் மிட் ராம்னி பேசிய ஒரு காணொளி வெளிவந்தது. உதவித்தொகை பெறும் தாய், இரண்டு வயதுக் குழந்தை இருந்தாலும் வேலைக்குப் போக வேண்டும்; அவர்களுக்கு உழைப்பின் கண்ணியம் கிடைக்க வேண்டும் என்று அதில் சொல்கிறார். குழந்தைக் காப்பகத்துக்கு அரசு கூடுதலாகச் செலவழிக்க நேர்ந்தாலும் பரவாயில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறார். அரசின் செலவைக் கூட்டியாவது அரசைச் சாராதவளாக்குவது! ஆக, கணவன் பணத்தில் வீட்டிலிருந்தால் அது உழைப்பு. அரசுப் பணத்தில் வீட்டிலிருந்தால் சோம்பல். செய்யும் வேலை இரு வீட்டிலும் ஒன்றுதான்.

இதில் அரசு நடுநிலையாகவும் இல்லை. 1939 முதல், சமூகப் பாதுகாப்புத் திட்டம் சம்பாதித்தவரின் மனைவிக்கும் அவர் ஓய்வூதியத்தில் பாதி வரை தனியாகத் தந்து வருகிறது. அவள் பெயரில் ஒரு டாலர்கூட வரி கட்டியிருக்க வேண்டியதில்லை. (இன்று கணவனுக்கும் இந்த உரிமை உண்டு.) அதை யாரும் அரசைச் சார்ந்திருத்தல் என்று திட்டி நான் கேட்டதில்லை.

'47 சதவீதம்' பேச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2012 மே மாதம் புளோரிடாவில் நன்கொடையாளர்களிடம் ராம்னி தனியாகப் பேசியது ரகசியமாகப் பதிவாகி, செப்டம்பரில் வெளியானது. மக்களில் 47 சதவீதத்தினர் வருமான வரி கட்டுவதில்லை, அரசைச் சார்ந்தவர்கள், எப்படியும் ஒபாமாவுக்குத்தான் வாக்களிப்பார்கள் என்றார். அந்த 47இல் பெரும்பகுதியினர் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்படும் உழைப்பாளிகளும் முதியோருமே. அவர்களில் பலர் ராம்னியின் சொந்த வாக்காளர்கள்.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அரசியல் அறிஞர் சுசான் மெட்லர் 2008 கணக்கெடுப்பு ஒன்றை ஆராய்ந்தபோது, வீட்டுக் கடன் வட்டிக்கான வரி விலக்கை அனுபவித்தவர்களில் 60 சதவீதத்தினர் தாங்கள் எந்த அரசுத் திட்டத்தையும் பயன்படுத்தியதே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். மெடிகேர் பெறுவோரிலும் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் அப்படியே சொன்னார்கள். காசோலையாக வந்தால் உதவி. வரியில் கழிந்தால் சொந்தச் சாமர்த்தியம். வாடகை வீட்டில் வாழும் தனித்தாய்க்கு முன்னது வாய்க்கிறது, புறநகரில் வீடு வாங்கிய தம்பதிக்குப் பின்னது வாய்க்கிறது.

தற்சார்பு பேசுபவர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

உண்டு, அதைக் கேலிப் படங்களில் தேடக் கூடாது, விதிமுறைகளில் தேட வேண்டும். வருமானம் பார்த்துத் தரப்படும் பல உதவிகள், சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடுகின்றன. சிறிய சம்பள உயர்வை ஏற்றால் குழந்தைக் காப்பக மானியமும் மருத்துவ உதவியும் கைநழுவிப் போகலாம் என்றால், உயர்வை மறுக்கும் தாய் சோம்பேறியல்ல, கணக்குத் தெரிந்தவள். திருமணத்திலும் இதே சிக்கல்: இரு சிறு வருமானங்கள் ஒன்றாகக் கூட்டப்படும்போது வரிச் சலுகை குறைகிறது. திருமணத்தைப் போற்றும் கட்சியும் ஏழைத் தாயைப் போற்றும் கட்சியும் மாறிமாறி ஆண்டும் இது முழுதாகச் சரிசெய்யப்படவில்லை. விளம்பரத்துக்கு ஏற்ற விஷயமல்ல என்பதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

குடியரசுக் கட்சி பெண்களிடம் 'நீயே பார்த்துக்கொள்' என்று மட்டும்தான் சொல்கிறதா?

எப்போதுமே அப்படி இருந்ததில்லை. 2024இல் சுத்தமாக இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் பென்சில்வேனியாக் கூட்டத்தில் டொனால்ட் டிரம்ப் பெண்களைப் பார்த்து, நான் உங்கள் பாதுகாவலனாக இருப்பேன், நீங்கள் இனிக் கைவிடப்பட்டவர்களாகவோ தனித்தோ பயந்தோ இருக்க மாட்டீர்கள் என்றார். ஜூலியாவைக் கேலி செய்த அதே கட்சியின் மேடையில்! அதற்கு முந்தைய மாதம், செயற்கைக் கருத்தரிப்புச் செலவை அரசோ காப்பீட்டு நிறுவனமோ ஏற்கும் என்றும் வாக்குறுதி அளித்தார். அவருடைய துணை வேட்பாளர் ஜே. டி. வான்ஸ், பிள்ளைக்கு 5,000 டாலர் வரிச் சலுகை தர விரும்புவதாகச் சொன்னார். 2025இல் நிறைவேறிய வரிச் சட்டத்தின்படி, 2025 முதல் 2028 வரை பிறக்கும் குழந்தைகளின் பெயரில் அரசு 1,000 டாலர் முதலீட்டுக் கணக்கு தொடங்குகிறது.

கொள்கையளவில் இவற்றில் சில நல்லவையாகவே இருக்கலாம். 'பாதுகாவலன்' என்ற தொனிதான் உறுத்துகிறது. ஜூலியாவின் படங்களில் திட்டங்களுக்குப் பெயராவது இருந்தது. இங்கே ஒரு மனிதரை நம்பச் சொல்கிறார்கள்.

ஒரு விளம்பரம் பெண்களின் வாக்கை மாற்றிவிடுமா?

பெரிதாக மாற்றாது. மணமான பெண், மணமாகாத பெண், வெள்ளையினப் பெண், கறுப்பினப் பெண் என்று பிரியும் வாக்கு விளம்பரத்துக்கு முன்பே பெருமளவு தீர்மானமாகியிருக்கிறது. இப்படிப்பட்ட செய்திகள் ஏற்கெனவே தம் பக்கம் இருப்பவர்களை வாக்குச்சாவடி வரை இழுத்துவர உதவும். ஜூலியாவைப் பார்த்து மனம் மாறியவர்களைவிட, பார்த்துச் சினந்தவர்களும் சிரித்தவர்களுமே அதிகம் எழுதினார்கள்.

ஜூலியா பாணியை ஜனநாயகக் கட்சி இன்னும் கையாளுகிறதா?

பிறப்பு முதல் முதுமை வரை ஒருத்தியின் கையைப் பிடித்து நடத்தும் அந்த வடிவத்தை அவர்கள் மறுபடி பெரிதாகத் தொடவில்லை. 2024இல் கமலா ஹாரிஸ் 'வாய்ப்புப் பொருளாதாரம்' என்ற தலைப்பில் பேசினார்: முதல் வீடு வாங்குவோருக்கு 25,000 டாலர் வரை உதவி, பிறந்த குழந்தையின் முதல் ஆண்டுக்கு 6,000 டாலர் வரிச் சலுகை, புதுத் தொழில் தொடங்கும் செலவில் 5,000 டாலராக இருந்த வரிக் கழிவை 50,000 ஆக்குவது. வீட்டுக்காரி, தாய், முதலாளி என்று மூவரையும் ஒரே மூச்சில் அழைக்கும் பட்டியல் இது. 42 வயது ஜூலியா இதில் இருக்கிறாள். 3 வயது ஜூலியாவைத்தான் காணவில்லை.